வேலூர் வெயிலும் இலவம்பஞ்சு மெத்தையும்: படுக்கைப் பராமரிப்பில் கைகண்ட விஷயங்கள்

வேலூர்ப் பக்கம் மெத்தை கெடுவது கோடையில். கெட்டது தெரியவருவது ஐப்பசி மழையில். பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் ராத்திரி மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடும். உடம்பு விடும் வியர்வை விரிப்பைத் தாண்டி மெத்தைக்குள் இறங்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் எண்ணெய்ப் பசையும் உள்ளேயே தங்கிவிடும். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அதனால் மழைக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் அதே மெத்தை பிசுபிசுக்கும், பூசண வாடை வரும். மழை வந்த பிறகு என்ன பவுடர் தூவினாலும் பிரயோஜனம் இல்லை. வேலையை முடிக்க வேண்டிய மாதங்கள் பங்குனி, சித்திரை, வைகாசி.

தினசரி செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுந்தவுடன் படுக்கையை மடித்து, மேல்விரிப்பு போட்டு அழகாக மூடிவிடாதீர்கள். விரிப்பைக் கால்மாட்டுக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலைத் திறந்து, அரைமணி நேரம் மின்விசிறியை ஓடவிடுங்கள். ராத்திரி சேர்ந்த ஈரத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். காலை ஆறரைக்கே போர்த்தி மூடி வைக்கிற சுத்தக்காரர்கள் வீட்டு மெத்தைதான் முதலில் நாறும்.

கட்டிலையும் பார்க்க வேண்டும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்ட பழைய தேக்குக் கட்டிலில் அடியிலிருந்து காற்று வரும். இப்போதைய கட்டில்களில் முழு ப்ளைவுட் பலகை, அதற்குக் கீழே சாமான் போடும் பெட்டி. வியர்வை இறங்கி ப்ளைவுட்டில் முட்டி அங்கேயே நிற்கும். தச்சரைக் கூப்பிட்டு, ஒரு அடிக்கு ஒன்றாக முக்கால் அங்குல ஓட்டை போடச் சொல்லுங்கள். பெட்டிக் கட்டிலாக இருந்தால் பக்கப் பலகையிலும் நாலு ஓட்டை வேண்டும். அரைநாள் வேலைகூட இல்லை. தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்கள் தினமும் காலையில் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்தே ஆக வேண்டும். டைல்ஸ் தரை குளிர்ச்சியானது. மேலிருந்து இறங்கும் வியர்வை ஆவி அங்கே படிந்து நீராகும். ஒரு மாதம் தூக்காமல் விட்டால் அடித்துணியில் கருப்புப் புள்ளி விழும். அந்தப் பூசணக் கறை துணியை விட்டுப் போகவே போகாது.

வெயில் காட்டுவது

எல்லா மெத்தையையும் மாடியில் தூக்கிப் போட்டுவிட முடியாது. இலவம்பஞ்சும் பருத்திப் பஞ்சும் நேர் வெயிலைத் தாங்கும். ஃபோம் தாங்காது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் ஃபோமை மஞ்சளாக்கி, மேல்பரப்பை ரொட்டித் தூள் மாதிரி உதிர வைக்கும். லேடெக்ஸ் அதைவிட மோசம். தென்னை நார் மெத்தையில் நாரை ஒட்டிப் பிடித்திருப்பது ரப்பர் பால். சூடு ஏற ஏற ரப்பர் விறைத்து உடையும். பிறகு மெத்தையைத் தூக்கும்போதெல்லாம் கட்டிலடியில் பழுப்புத் தூள் கொட்டும். இவை மூன்றையும் நிழலில், காற்றோட்டமுள்ள வராந்தாவில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

பஞ்சு மெத்தைக்கு மாதம் ஒரு தடவை வெயில். காலை ஒன்பது மணிக்கு மேல், தளத்தில் ராத்திரி ஈரம் காய்ந்த பிறகு கொண்டுபோங்கள். வெறும் தளத்தில் போடாமல் நாடாக் கட்டிலிலோ இரண்டு பெஞ்சு மேலோ போட வேண்டும். அடியில் காற்று போகாவிட்டால் மேலே காய்ந்த ஈரம் கீழ்ப்பக்கம் போய்ச் சேருமே தவிர வெளியேறாது. மேலே பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டால் காக்காய் எச்சமும் படாது, துணிச் சாயமும் வெளுக்காது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் புரட்டிப் போடுங்கள். ஒரு மணிக்கெல்லாம் இறக்கிவிடலாம். அக்னி நட்சத்திர வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் இலவம்பஞ்சு முறுகி, தட்டும்போது தூளாகும். மூன்று நான்கு மணி நேரமே தாராளம்.

நேரத்தில் இறக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இந்த ஊர் வானம். மே மாதத்தில் தொடங்கிப் புரட்டாசி வரை, பகலெல்லாம் காய்ந்துவிட்டு மூன்று நாலு மணிக்குக் காற்றும் புழுதியுமாகக் கிளம்பி இடிமழை பெய்வது இங்கே சகஜம். மாடியில் மெத்தையைப் போட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போடக் கூடாது.

இறக்கியதும் உடனே உறை போடாதீர்கள். சூடான மெத்தையை மூடினால் உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் போகும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு பிரம்பால் தட்டலாம். சூட்டோடு அடித்தால் நார் உடையும். ஓங்கி அடிக்கவும் வேண்டாம், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால் போதும். குழிந்த இடத்துக்குப் பஞ்சு நகர்ந்து வரும். தட்டுகிறவர் மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம். ஆஸ்துமா உள்ளவர் அந்தப் பக்கமே வரக் கூடாது. அதே நாளில் மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுங்கள். இடுப்பு படும் இடம் ஒரே இடமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் குழி விழுவது பாதியாகக் குறையும்.

இலவம்பஞ்சு வாங்கும்போது

இலவங்காய் வெடிப்பது பங்குனி, சித்திரையில். புதுப் பஞ்சு சந்தைக்கு வருவதும் அப்போதுதான். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து வரும் சரக்குக்குப் பேர் உண்டு. மெத்தை தைக்கவோ பிரித்துப் போடவோ நினைத்தால் இந்த மாதங்களில் செய்யுங்கள். பஞ்சும் புதிது, வெயிலும் சொந்தம். தீபாவளிக்கு முன் தைக்கிறேன் என்று ஈரக் காற்றில் பஞ்சு அடைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்தே தைத்துக்கொள்வீர்கள். எடையும் கூடும், காசும் கூடும்.

கடையில் இலவம் என்று சொல்லித் தருவதில் மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கலாம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஒரு பிடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். இலவ நாரின் உள்ளே வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. அது மிதக்கும், நேரமானாலும் மிதந்துகொண்டே இருக்கும். இந்தக் குணத்துக்காகத்தான் ஒருகாலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டையில் இதை அடைத்தார்கள். கழிவுப் பஞ்சு தண்ணீரைக் குடித்து அமிழ ஆரம்பிக்கும். கையிலும் வித்தியாசம் தெரியும். இலவம் வழுக்கும், லேசாக மினுக்கும், விரலில் முறுக்கினால் நூலாகத் திரளாது. கருப்புக் கொட்டை இருக்கிறதா என்றும் துழாவிப் பாருங்கள். கொட்டை எடுக்காத பஞ்சு எடையில் நஷ்டம், எலிக்கு அழைப்பு.

அளவு: 6 அடிக்கு 3 அடி, 4 அங்குல கனமுள்ள ஒற்றைக் கட்டில் மெத்தைக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ. 6க்கு 4 என்றால் 15 கிலோவை ஒட்டி வரும். தலையணைக்கு ஒரு கிலோ, கெட்டியாக வேண்டுமென்றால் ஒன்றே கால். 8 கிலோவில் ஒற்றை மெத்தை முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது ஆறு மாதத்தில் ஜமக்காளமாகிவிடும்.

துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளிகூடப் புள்ளியாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் இலவ நார் அந்த வழியே வெளியே வரும். 40 அங்குல அகலத் துணியில் ஒற்றை மெத்தைக்கு 5 மீட்டர் எடுங்கள். மேலுக்கும் கீழுக்கும் தையலுக்கு விட்டு ஏறக்குறைய 1.9 மீட்டர் வீதம் இரண்டு, மிச்சத்தில் பக்கப் பட்டை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு இஸ்திரி செய்துவிடுங்கள். பருத்தித் துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். ஆறு அடியில் அது இரண்டு முதல் மூன்றரை அங்குலம். ஊறவைக்காமல் தைத்தால், அடுத்த முறை பஞ்சு பிரிக்கும்போது துவைத்த உறைக்குள் பழைய பஞ்சு போகாது.

அடைக்கும் வரிசை முக்கியம். முதலில் நான்கு மூலை, பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. நடுவை முதலில் நிரப்பினால் மூலைக்குப் பஞ்சு போகவே போகாது, ஓரம் தொங்கும். 4 அங்குல மெத்தை தைக்கும் அன்று நடுவில் 6 அங்குலம் உப்பியிருக்க வேண்டும். படுத்து அமுங்கி நாலுக்கு வரும்.

குத்துத் தையலுக்குக் கோணி ஊசி, எட்டு அங்குலத்துக்குக் குறையாதது. 9 அங்குலத்துக்கு ஒரு குத்து போட்டால் ஒற்றை மெத்தைக்கு நீளத்தில் 7, அகலத்தில் 3, மொத்தம் 21 முடிச்சு. இந்த முடிச்சுகள்தான் பஞ்சை நகராமல் பிடிப்பவை. பன்னிரண்டு குத்தோடு முடித்துக்கொள்ளும் வேலை வெளிப்பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும், மூன்றே மாதத்தில் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். முடிச்சுக்கு அடியில் வைக்க ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் துண்டு எளிதாகக் கிடைக்கும். அதைத் தவிர்ப்பதே நல்லது. வியர்வை பட்டால் சாயம் விரிப்பில் இறங்கும். நாலாக மடித்த கெட்டித் துணித் துண்டே போதும்.

பிரித்துப் போடுவது

இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெத்தையைப் பிரித்தாக வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் பஞ்சைத் தொலைக்கிறார்கள். பருத்திப் பஞ்சை வில்லால் அடித்தும் பிரிக்கலாம், மெஷினிலும் விடலாம். அது நீள நார். இலவம் குட்டையான, ஒடியும் நார். மெஷினில் இரண்டு முறை விட்டால் பாதி தூசியாகப் பறந்துவிடும். இலவத்தை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, கட்டியைக் கையால் பிரித்து, மெல்லிய குச்சியால் அலசிவிட்டாலே உப்பிக்கொள்ளும். பழகிய மெத்தைக்காரர் இதைத்தான் செய்வார். மெஷின் வைத்திருப்பவர் மெஷினில்தான் விடுவார், அவருக்கு அது பத்து நிமிட வேலை.

பிரிக்கும் முன்பும் அடைக்கும் முன்பும் உங்கள் கண் எதிரில் எடை போடச் சொல்லுங்கள். பத்து கிலோவில் ஒரு கிலோ வரை தூசியாகக் கழிவது நியாயம். அதற்கு மேல் குறைந்தால் கேட்கலாம். குறைந்த எடைக்குப் புதுப் பஞ்சு வாங்கி, பழையதோடு நன்றாகக் கலந்துவிட வேண்டும். பழையதை அடியிலும் புதியதை மேலேயும் போட்டால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும்.

இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். பிரித்துப் போட்டிருக்கும் அறையில் பீடி, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் சமையலறை டப்பாவிலிருந்துகூடப் பஞ்சு வரும்.

மெத்தையில் குழந்தை மூத்திரம் போனால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ நினைக்காதீர்கள். இலவ நார் ஈரத்தைக் குடிக்காது, ஆனால் நாருக்கு நடுவிலுள்ள சந்து வழியே அது அடித்துணிவரை இறங்கும். காய்ந்த துண்டால் அழுத்தி அழுத்தி ஒற்றி எடுத்து, அந்த இடத்துக்கு நேரே பக்கத் தையலை அரை அடி பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் வெளியே எடுத்து நிழல் வெயிலாகக் காய வைத்துத் திரும்ப அடைப்பதுதான் முறை. சோப்புத் தண்ணீர் பட்டால் நாரின் மெழுகு போய்விடும். அதன் பிறகு அது கட்டி கட்டியாகத் திரளும், உப்பாது. இலவந்தலையணையை வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

உப்புத் தண்ணீரும் விரிப்பும்

காவிரிக் கூட்டுக் குடிநீர் சமையலுக்கும் குடிக்கவும் போய்விடும். துணி துவைக்கப் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். பாலாற்றங்கரை ஊர்களில் அதன் கடினத்தைச் சொல்ல வேண்டியதில்லை, வாளி ஓரத்து வெள்ளைப் படிவமே சொல்லும். இந்தத் தண்ணீரில் சவுக்காரக் கட்டி போட்டால், சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளை விரிப்பு சாம்பலாவதும், காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பதும் அழுக்கால் இல்லை, இந்தப் பிசுக்கால்.

15 லிட்டர் வாளிக்கு முதலில் ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அது கடினத்தைப் பிடித்து அடியில் இறக்கிவிடும். பிறகு சலவைத் தூள் போட்டு, நுரை வந்ததும் விரிப்பை அரைமணி ஊறவையுங்கள். சவுக்காரம் வேண்டவே வேண்டாம். கடைசி அலசலில் ஒரு வாளிக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றினால் ஏற்கெனவே படிந்த பிசுக்கும் கரைந்து துணி மிருதுவாகும்.

ப்ளீச்சிங் பவுடரில் இரண்டு ஆபத்து. வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஒரே நாளில் இரண்டையும் எடுக்காமல் இருப்பதே பத்திரம். இரண்டாவது, பல போர்களில் இரும்புச் சத்து இருக்கிறது. ப்ளீச் போட்டதும் அந்த இரும்பு துருவாக மாறித் துணியில் பழுப்பாக இறங்கும். வெளுக்கப் போட்ட விரிப்பு மஞ்சளாகி வருவதன் ரகசியம் இதுதான். வியர்வை மஞ்சளுக்கும் ப்ளீச் உதவாது, சில சமயம் இன்னும் ஏற்றிவிடும். எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் தடவி, ஈரத்தோடு வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு அலசினால் பெருமளவு போகும்.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் ஊற்றினால் கறை வெந்து ஒட்டும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளே வெளுத்துப்போகும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் வீட்டில் தலையணைக்கு இரண்டு உறை வேண்டும், உள்ளே கெட்டித் துணியில் ஒன்று, வெளியே சாதா உறை. எண்ணெய்ப் பிசுக்கில் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பை நேரடியாகத் தடவிக் கால்மணி விட்டுப் பிறகு துவைத்தால் சிக்கு வாடை தங்காது.

விரிப்பு வாரம் ஒரு தடவை. சித்திரையிலிருந்து ஆனி வரை வாரம் இரண்டு தடவை. கட்டிலுக்கு மூன்று விரிப்பு இருந்தால் மழைக்காலத்திலும் திண்டாட்டம் வராது. வாங்கும்போது மெத்தையின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பார்கள். 60க்கு 78 அங்குல மெத்தை 6 அங்குல கனம் என்றால், அகலத்துக்கு 60, இரண்டு பக்கம் 12, அடியில் செருக 18, ஆக 90. நீளம் இதே கணக்கில் 108. 90க்கு 108 என்று விற்கும் விரிப்பு சரியாக உட்காரும். 90க்கு 100 வாங்கினால் காலையில் கால்மாட்டில் சுருண்டு கிடக்கும்.

மூட்டைப்பூச்சி

இது அழுக்கான வீட்டுக்குத்தான் வரும் என்று நினைப்பது தவறு. பெட்டியில் வரும், பேருந்து இருக்கையில் வரும், பழைய கட்டிலோடு வரும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்கள் உண்டு, துணைக்குப் போய்த் தங்கித் திரும்பும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. எங்கே தங்கிவிட்டு வந்தாலும் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். துணியை நேராக வெந்நீருக்கு அனுப்பிவிட்டு, பையைக் கருப்பு பிளாஸ்டிக் மூட்டையில் கட்டி மாடி வெயிலில் பகல் முழுக்க வையுங்கள். 55 டிகிரியைத் தொட்டுவிட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். மே மாதத்து மாடியில் கருப்பு மூட்டைக்குள் அந்தச் சூடு வர வாய்ப்பு உண்டு.

மெத்தைக்கு இது பலிக்காது. 4 அங்குலப் பஞ்சின் நடுவுக்குச் சூடு போகாது. பூச்சியும் சும்மா இருக்காது, சூடு ஏற ஏற நிழல் பக்கம் நகரும். அது ஒளியும் இடங்கள் தையல் மடிப்பு, குத்து முடிச்சின் அடி, கட்டில் மூட்டு, திருகு ஓட்டை, சுவரோர ஜன்னல் சட்டம். டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்த மாதிரி கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் கூடு. தையல் மடிப்பு முழுக்க ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை மெல்ல நகர்த்துங்கள், அந்த ஆவி முட்டையையும் கொல்லும். நாடாக் கட்டிலாக இருந்தால் நாடாவை அவிழ்த்துக் கொதிநீரில் போட்டுவிட வேண்டும். மரக் கட்டிலின் மூட்டுகளைக் கழற்றி, சந்துகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சந்தை மெழுகோ மரப்புட்டியோ வைத்து அடைத்துவிடுங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. தப்பிய முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். ஆகவே பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை இதே வேலையைச் செய்ய வேண்டும். இரை இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் ஜந்து என்பதால், அறையைப் பூட்டிப் போட்டு ஊருக்குப் போவதும் தீர்வாகாது. கடையில் விற்கும் சாக்பீஸும் ஸ்ப்ரேயும் பலவற்றில் வேலை செய்வதில்லை; அந்த வகை மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது. கெரசின் தடவுவது பஞ்சு மெத்தை இருக்கும் வீட்டில் தீ விபத்துக்கு வழி. தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையை யார் சொன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொன்றுவிடும்.

பாய், போர்வை

கோரைப்பாய்க்கு இந்த வட்டாரத்தில் வந்தவாசி. 1989ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, பாய் மட்டும் இன்னும் இங்கே வந்துகொண்டிருக்கிறது. கோடைக்கு மெத்தைமேல் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் வியர்வை மெத்தைக்குள் இறங்குவதும் குறையும். பாயை ஊறவைக்கக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் கோரை போகும் வாக்கில் துடைத்து, நிழலில் காயப்போடுங்கள். மடித்தால் மடிப்பில் கோரை முறியும். சுருட்டி, நின்றவாக்கில் வைக்க வேண்டும். கார்த்திகையில் சுவரோரம் படுக்கவைத்த பாய்தான் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பாயை வெயிலில் விட்டால் ஒரே கோடையில் நொறுங்கும்.

மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டுமென்ற கட்டாயம் ஏலகிரிக்காரர்களுக்குத்தான். கீழே குடியாத்தம் லுங்கிகளில் பழசானவை நாலைந்து இருந்தாலே போர்வை தயார். தையலைப் பிரித்து, இரண்டை அகலவாக்கில் இணைத்து, அதன்மேல் அப்படியே இன்னொரு அடுக்கு வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரியாக ஓட்டுத் தையல். முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு இதைவிட நல்ல போர்வை கடையில் கிடையாது. ஒரே நாளில் காயும், உறுத்தாது.

கம்பளியை எடுத்து வைக்கும்போது ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வேப்பிலை போடுவதானால் நிழலில் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சையாகப் போட்டால் கறை இறங்கும். வசம்புத் துண்டும் நல்லது. பாச்சை உருண்டை போட்ட துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும்.

நனைந்த மெத்தை

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது கரையோர வீடுகளில் முதலில் கேட்ட கேள்வி, மெத்தையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான். எந்தத் தண்ணீரில் நனைந்தது என்பதைப் பொறுத்தது பதில். கூரை ஒழுகியதோ குழாய் உடைந்ததோ என்றால் காப்பாற்றலாம், அன்றைக்கே தையலைப் பிரிக்க வேண்டும். பஞ்சைக் கொசுவலை மேல் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, மேலே இன்னொரு கொசுவலை போட்டுக் கல் வைத்து, வெயில் இருந்தால் இரண்டு மூன்று நாள், மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டுக் காயவையுங்கள். வெயில் இல்லாவிட்டால் அறைக்குள் பரப்பி, மின்விசிறியை மெதுவாக வைத்துக் காற்றாட விடலாம். ஒரு பிடியை உள்ளங்கையில் இறுக்கி விட்டால் சட்டென்று விரிய வேண்டும். விரியாமல் அப்படியே நின்றால் இன்னும் ஈரம்.

சாக்கடை கலந்த வெள்ளமோ ஆற்று வெள்ளமோ ஏறியிருந்தால் பஞ்சு, ஃபோம், தென்னை நார் எதுவானாலும் விட்டுவிடுங்கள். வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே சேறும் கிருமியும் இருக்கும். வெள்ளம் தொடாத மேல்துணி மட்டும் கொதிநீரில் போட்டால் தேறும். கழித்த பஞ்சைக் கொளுத்தாதீர்கள், எரியும் இலவம் காற்றில் எழும்பிப் பக்கத்துக் கூரையில் போய் உட்காரும். ஈரத்தோடே சாக்கில் அமுக்கிக் கட்டி, குப்பை வண்டி வரும் அன்று கொடுத்துவிடுங்கள்.